கூடாரத்தில் பிறந்த கண்காட்சி

லாஸ் வேகஸ் பாலைவனத்து ஊர். மழை அங்கே அபூர்வம். 1991 ஜனவரியில் அங்கே மின்னணுப் பொருள் கண்காட்சி நடந்தபோது மழை கொட்டியது. சேகா என்ற வீடியோ கேம் நிறுவனத்துக்குப் பிரதான அரங்கில் இடம் கொடுக்கவில்லை. பின்னால் போட்டிருந்த கூடாரத்தில்தான் கொடுத்திருந்தார்கள். ஆபாசப் பட வீடியோ விற்கிறவர்களின் கடைகளைத் தாண்டித்தான் அங்கே போக முடியும். கூடாரம் ஒழுகி, ஜெனிசிஸ் கருவியின் மேலேயே தண்ணீர் சொட்டியது. அமெரிக்க சேகாவின் தலைவர் டாம் கலின்ஸ்கி கொதித்துப்போனார். இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்ததாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கோபம் ஒரு தனி ஆளின் கோபமாகவே தணிந்திருந்தால் இந்தக் கதை இல்லை. மற்ற நிறுவனங்களுக்கும் அதே மனக்குறை இருந்தது. அது திரண்டு 1995ல் 'எலக்ட்ரானிக் என்டர்டெயின்மென்ட் எக்ஸ்போ' என்ற கண்காட்சியாகப் பிறந்தது. சுருக்கமாக ஈ3. கால் நூற்றாண்டு காலம் வீடியோ கேம் தொழிலின் மிக முக்கியமான கூடுகையாக இருந்தது. 2023 டிசம்பர் 12 அன்று, இனி அது நடக்காது என்று அறிவித்துவிட்டார்கள்.

ஏன் மூடினார்கள் என்று கேட்டால் கொரோனா என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அது எந்தக் காரியத்துக்காகப் பிறந்ததோ, அந்தக் காரியமே இல்லாமல் போய்விட்டது. இதைப் புரிந்துகொள்ள அது நடந்த லாஸ் ஏஞ்சலஸ் வரை போக வேண்டாம். கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் கச்சிராயபாளையத்தில் இருந்தே பார்க்கலாம். இங்கிருந்து இன்னும் தெளிவாகத் தெரிகிறது என்றுகூடச் சொல்வேன்.

ஈ3க்கு முன்னால், அமெரிக்காவின் மின்னணுப் பொருள் கண்காட்சி ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். குளிர்காலத்தில் லாஸ் வேகஸ், கோடையில் சிகாகோ. டிவி, ஸ்டீரியோ, தொலைபேசி, கார் ரேடியோ எல்லாம் ஒரே கூரையின் கீழ். வீடியோ கேம் அதில் ஒரு மூலை. பெரிய டிவி நிறுவனங்கள் முன்வரிசையில் இருக்கும். கேம் கம்பெனிகள் மிச்சமிருக்கும் இடத்தில் ஒண்டிக்கொள்ளும். இத்தனைக்கும் அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டில் நின்டெண்டோ கேம் கருவி இருந்தது. காசு பண்ணிக் கொடுக்கிறவனுக்கு உட்கார இடமில்லை என்ற எரிச்சல் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தது.

தனிக் கட்சி கட்ட ஒரு சங்கம் வேண்டுமே. அதற்கு வழி செய்ததும் கேம் கம்பெனிகளுக்கு ஆகாத ஒரு நிகழ்ச்சிதான். 1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் ஜோசப் லீபர்மேனும் ஹெர்ப் கோலும் வீடியோ கேம் வன்முறை பற்றி விசாரணை நடத்தினார்கள். 'மார்ட்டல் காம்பாட்', 'நைட் டிராப்' இரண்டும் கூண்டில் ஏறின. நின்டெண்டோவும் சேகாவும் அந்த விசாரணையிலேயே ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிக்கொண்டன. தாங்களாகவே தர முத்திரை போட்டுக்கொள்ளாவிட்டால் அரசு உள்ளே வந்துவிடும் என்ற பயத்தில், பரம வைரிகள் எல்லாரும் 1994ல் ஒரே சங்கத்தில் சேர்ந்தார்கள். பின்னாளில் பெயர் மாற்றிக்கொண்ட அந்தச் சங்கம்தான் ஈ3யின் சொந்தக்காரர். 'கேம்புரோ' பத்திரிகைப் பக்கம் இருந்த பாட் ஃபெரல் என்பவர், நமக்கென்று தனியாக ஒரு கண்காட்சி வைத்தால் என்ன என்று ஓடியாடி ஆள் திரட்டினார். பழைய கண்காட்சிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பிலடெல்ஃபியாவில் கேமுக்கென்று போட்டிக் கண்காட்சி ஒன்றை அறிவித்தார்கள். கடைசியில் கம்பெனிகள் ஃபெரல் பக்கம் சாய, பிலடெல்ஃபியா ஏற்பாடு கைவிடப்பட்டது.

1995 மே 11. லாஸ் ஏஞ்சலஸ் மாநாட்டு மையம். முதல் நாளிலேயே நடந்த ஒரு சம்பவத்தில் இந்தக் கண்காட்சியின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்பது தெரிந்துபோனது. அதே கலின்ஸ்கி மேடை ஏறினார். சேகாவின் 'சாட்டர்ன்' கருவி செப்டம்பரில் வரும் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே கடைகளில் கிடைக்கிறது, விலை 399 டாலர் என்றார். ஜப்பானியத் தலைமையகத்தின் கட்டளை அது; அவருக்கே அதில் விருப்பமில்லை. 'கடைகளில்' என்றால் எல்லாக் கடையிலும் அல்ல, நான்கே நான்கு சங்கிலித்தொடர் கடைகளில் மட்டும். சரக்கு கிடைக்காத மற்ற கடைக்காரர்கள் கொந்தளித்தார்கள். கேபி டாய்ஸ் என்ற பொம்மைக் கடைத் தொடர், சாட்டர்னையே விற்கப்போவதில்லை என்று ஒதுக்கிவிட்டது. அதே நாளில் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்து 'இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது' என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பிளேஸ்டேஷனின் விலை அது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அமெரிக்காவில் சாட்டர்ன் அந்த அடியிலிருந்து எழவே இல்லை.

நூறு டாலர் வித்தியாசத்தைத்தான் எல்லாரும் பேசுவார்கள். கடைக்காரர்களின் கோபத்தையும் அதே அளவு கவனிக்க வேண்டும் என்பேன். ஏனென்றால் ஈ3 அவர்களுக்காகத்தான் பிறந்தது. அது தீவுத்திடல் பொருட்காட்சி மாதிரி குடும்பத்தோடு போய் ராட்டினம் ஏறி டெல்லி அப்பளம் தின்றுவிட்டு வரும் இடமல்ல. பொதுமக்களுக்கு அனுமதியே கிடையாது. வால்மார்ட்டும் டாய்ஸ் ஆர் அஸ்ஸும் கொள்முதல் அதிகாரிகளை அனுப்பும். அவர்கள் ஒவ்வொரு அரங்காகப் போய்ப் பார்த்து, பேரம் பேசி, எத்தனை பெட்டி வேண்டும் என்று ஆர்டர் போடுவார்கள். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், மாத இதழ் அச்சாகிக் கடைக்கு வர எப்படியும் இரண்டு மூன்று மாதம் ஆகும். கேசட் தயாரித்துக் கப்பலில் வரவும் மாதக்கணக்கு ஆகும். கிறிஸ்துமஸுக்கு அலமாரியில் பெட்டி நிற்க வேண்டுமென்றால் கோடையிலேயே எல்லாம் முடிவாகியாக வேண்டும். மே, ஜூன் என்று தேதி வைத்ததன் காரணம் அதுதான்.

எங்கள் ஊரில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. இங்கே கரும்பு போடுகிறவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டாம். எந்த ஊர், எத்தனை ஏக்கர், என்ன ரகம், எந்த மாதம் நட்டது என்று ஆலையில் பதிவு செய்திருந்தால்தான் முறை வரும்போது வெட்டு உத்தரவு வரும். பதிவில் இல்லாத கரும்பு, கணு கணுவாக எவ்வளவு செழிப்பாக நின்றாலும் எடைமேடை ஏறாது. ஈ3 அந்தப் பதிவு மாதிரி. அங்கே கடைக்காரர் கண்ணில் படாத கேம் அந்த வருஷம் அலமாரி ஏறுவது கடினம்.

அலமாரிக்கான சண்டை என்பதால் செலவுக்குக் கணக்கே இல்லை. அரங்குகள் வீடு உயரத்துக்கு எழும்பின. ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று அடக்கப் பார்த்தன. மாநாட்டு மையத்தின் கீழ்த்தளத்தில் கென்டியா ஹால் என்று ஒன்று உண்டு. மலிவு வாடகை. பெயர் தெரியாத கம்பெனிகள், கடல் கடந்து வந்த சின்னக் குழுக்கள், விசித்திரமான கைப்பிடிகளும் மிதிபலகைகளும் செய்கிறவர்கள் எல்லாம் அங்கே மேஜை போட்டிருப்பார்கள். மேலே இரைச்சல் தாங்காமல் கீழே இறங்கி வந்தவர்கள் எதிர்பாராமல் எதையாவது கண்டுபிடித்துக்கொண்டு போவார்கள். ஈ3 பற்றிப் படித்ததிலெல்லாம் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கீழ்த்தளம்தான். மூடப்பட்டதில் நான் இழப்பாக நினைப்பதும் அதையே.

சரிவு கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. 2006ல் 60,000 பேர் வந்தார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை என்று பெரிய கம்பெனிகள் முணுமுணுக்க, 2007ல் அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கி, சான்டா மோனிகாவுக்கு மாற்றினார்கள். 2009ல் மறுபடி பெரிதாக்கினார்கள். ஆனால் அடியில் இருந்த மண் அரித்துக்கொண்டிருந்தது. 2003ல் வால்வ் நிறுவனம் ஸ்டீம் என்ற இணையச் சேவையைத் தொடங்கியிருந்தது; சீக்கிரமே அது கேம் விற்கும் இணையக் கடையானது. 2008ல் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் வந்தது. 2011 அக்டோபரில் நின்டெண்டோவின் தலைவர் சடோரு இவாடா கேமராவைப் பார்த்து நேராக ரசிகர்களிடம் பேசினார். 'நின்டெண்டோ டைரக்ட்' என்று அதற்குப் பெயர். மேடையும் வேண்டாம், வாடகையும் வேண்டாம், நடுவில் பத்திரிகையும் வேண்டாம். 2013ல் நின்டெண்டோ ஈ3யின் பெரிய மேடை நிகழ்ச்சியை விட்டது. 2016ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அரங்கு போடவில்லை. ஆள் குறைந்ததும் 2017ல் 15,000 பேருக்கு டிக்கெட் விற்று, பொதுமக்களை உள்ளே விட்டார்கள். 2019ல் சோனி வரவில்லை. முதல் ஈ3யில் ஒரு எண்ணைச் சொல்லிக் கைதட்டு வாங்கிய அதே சோனி. அந்த ஆண்டே, வந்திருந்த 2,000க்கு மேற்பட்ட பத்திரிகையாளர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் சங்கத்தின் இணையதளத்தில் கசிந்துபோனது. 2020ல் ரத்து, 2021ல் இணையத்தில் மட்டும், 2022ல் ரத்து, 2023ல் ரத்து. கொரோனா வந்தபோது நோயாளி ஏற்கெனவே படுக்கையில்.

இனி கச்சிராயபாளையத்துக்கு வருகிறேன். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு மலை ஏறுகிற பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. கோமுகி அணை பக்கத்தில். கரும்பு, மரவள்ளி, நெல். இந்த ஊரில் கேம் பெட்டிகளை அடுக்கி வைத்த அலமாரி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் வாங்கி வந்த பெயரில்லாத கருவிகளும், மேலே 9999 என்று போட்டு உள்ளே பத்திருபது கேமைத் திருப்பித் திருப்பிக் காட்டும் மஞ்சள் கேசட்டுகளும்தான் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் முதலில் பார்த்த வீடியோ கேம். மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கி விளையாட விட்ட கடைகளில் 'கான்ட்ரா'வையும் 'மாரியோ'வையும் கரைத்துக் குடித்த தலைமுறைக்கு, அவற்றைச் செய்தது எந்தக் கம்பெனி என்றுகூடத் தெரியாது. ஈ3யின் பதிவேட்டில் நாங்கள் இல்லவே இல்லை.

பிறகு 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா மலிவானது. சனிக்கிழமை சாயங்காலம் அணைப் பக்கம் போனால் பையன்கள் நான்கு பேர் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து, ஆளுக்கொரு போனைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். 'டேய், பின்னால வர்றான் பாரு' என்பான் ஒருவன். கண் திரையை விட்டு நகராது. இரண்டு கட்டைவிரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலை அரசு தடை செய்தபோது ஃப்ரீ ஃபயருக்குப் போனார்கள். 2022 பிப்ரவரியில் அதையும் தடை செய்ய, அதற்குள் வந்திருந்த பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐக்குத் தாவினார்கள். இதில் எதையும் அவர்கள் கடையில் வாங்கவில்லை, பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒருவன் சொன்னான், இன்னொருவன் இறக்கிக்கொண்டான். கடைக்காரரை மடக்குவதற்கென்று கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய அரங்கு ஏன் வேண்டாமல் போனது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஈ3 செத்த அதே 2023ல், ஜூலை 31 அன்று 'வெண்பா' வெளிவந்தது. டொரன்டோவில் அபி என்பவரும் அவருடைய சின்னக் குழுவான விசை கேம்ஸும் செய்த விளையாட்டு. 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை. சமையல்தான் விளையாட்டு. வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் மை கலைந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன இடத்தை நாம் யோசித்து நிரப்ப வேண்டும். முதல் பலகாரம் இட்லி. மாவை ஊற்றித் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக நேருக்கு நேர் அடுக்கினால் ஆவி மேலே ஏற வழியில்லாமல் வேகாது. கீழ்த்தட்டுக் குழிக்கு மேலே துளை வரும்படி மாற்றி அடுக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் யோசிக்காமலே செய்கிற காரியம். அதைப் புதிராக்கி உலகத்தின் முன் வைத்திருக்கிறார்கள். பின்னணியில் ஒவ்வொரு காலத்துத் தமிழ் சினிமா இசையின் சாயலில் புதிதாகச் செய்த பாட்டுகள்.

1998ல் இப்படி ஒரு கேமை எடுத்துக்கொண்டு ஒருவர் ஈ3க்குப் போயிருந்தால்? கென்டியா ஹாலில் ஒரு மேஜை கிடைத்திருக்கலாம். ஆனால் இட்லி அவிக்கிற கேமுக்கு எந்தக் கொள்முதல் அதிகாரி அலமாரியில் ஒரு சாண் இடம் கொடுத்திருப்பார்? ஆயிரக்கணக்கில் பெட்டி போட்டுக் கப்பலில் ஏற்ற யார் காசு கொடுத்திருப்பார்கள்? பெட்டியும் அலமாரியும் தொலைந்ததால்தான் வெண்பா வந்தாள். இதை நான் மனதாரச் சந்தோஷத்தோடு சொல்கிறேன். 2015 நவம்பர் முதல் ஸ்டீம் ரூபாயிலேயே விலை போடுகிறது. கள்ளக்குறிச்சியில் கணினி வைத்திருக்கிற ஒரு மாணவி, டொரன்டோக்காரருக்குக் கிடைத்த அதே நாளில் வெண்பாவை வாங்கியிருக்க முடியும்.

ஆனால் வாசல் திறந்துவிட்டது என்று முழுதாக நம்பவும் முடியவில்லை. 2024ல் மட்டும் ஸ்டீமில் 18,000க்கு மேற்பட்ட கேம்கள் வந்தன. இத்தனைக்கு நடுவில் எது கண்ணில் படும் என்பதைக் கடையின் முதல் பக்கம்தான் தீர்மானிக்கிறது. அதை நடத்தும் கணக்கோ யாருக்கும் தெரியாது. ஈ3யின் இடத்தை இப்போது பிடித்திருப்பது ஜெஃப் கீலி 2020ல் தொடங்கிய 'சம்மர் கேம் ஃபெஸ்ட்'. அதன் 2024 நிகழ்ச்சியில் ஒரு நிமிட முன்னோட்டத்துக்கு 2,50,000 டாலர் கட்டணம் என்று செய்தி வந்தது. அரங்கு வாடகையாக வாங்கியதை இப்போது நிமிடக் கணக்கில் வாங்குகிறார்கள். அங்கே கென்டியா ஹால் மாதிரி கீழ்த்தளம் ஒன்றும் இல்லை; கால் போன போக்கில் நடந்து தற்செயலாக எதன் முன்னாலும் நிற்க முடியாது.

விளையாடுகிறவர்கள் கூடும் இடத்துக்கு ஆபத்தில்லை. ஜெர்மனியின் கொலோனில் நடக்கும் கேம்ஸ்காமுக்கு 2024ல் மூன்று லட்சத்துக்கு மேல் ஆட்கள் போனார்கள். செய்கிறவர்கள் கூடும் இடமும் உயிரோடு இருக்கிறது. கிரிஸ் கிராஃபோர்ட் 1988ல் சான் ஹோசேயில் தன் வீட்டு வரவேற்பறையில் முப்பதுக்கும் குறைவான கேம் வடிவமைப்பாளர்களை உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தார். யாரும் எதையும் விற்க வரவில்லை. எப்படிச் செய்வது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வந்தார்கள். கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ் என்று பின்னால் வளர்ந்தது அந்தச் சந்திப்புதான். அங்கேதான் 2024 மார்ச்சில் சுயாதீன விளையாட்டுகளுக்கான விழாவின் முதல் பரிசை வெண்பா வாங்கியது. அடுத்த மாதமே லண்டனில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் கிடைத்தது. இந்தியாவில் கேம் செய்கிறவர்கள் கூடும் மாநாடு, ஐஜிடிசி, வெகுகாலம் ஹைதராபாத்தில் நடந்துவிட்டு 2025 நவம்பரில் சென்னைக்கு வந்தது. எனக்கு அது பெரிய செய்தி.

சென்னை வரை வந்தது இன்னும் கொஞ்சம் உள்ளே வரலாம். பெரிய அரங்கெல்லாம் கேட்கவில்லை. கள்ளக்குறிச்சியில் மாவட்டப் புத்தகத் திருவிழா நடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வண்டி வைத்து அழைத்து வருகிறார்கள், மலையிலிருந்தும் வருகிறார்கள். அங்கே ஒரே ஒரு ஸ்டால். இரண்டு கணினி, நின்று பார்க்கிறவர்களுக்கு ஒரு பெரிய திரை. ஒன்றில் வெண்பா ஓடட்டும்; பேரனோடு வருகிற பாட்டி தட்டை எப்படி அடுக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுப்பார். இன்னொன்றில் இந்த மாவட்டத்துக் கல்லூரிப் பிள்ளைகள் செய்து பார்த்த எதையாவது, அரைகுறையாக இருந்தாலும், போட்டு வையுங்கள். செய்த பெண்ணோ பையனோ பக்கத்தில் நிற்க வேண்டும். விளையாடுகிறவர் எந்த இடத்தில் குழம்புகிறார், எங்கே சிரிக்கிறார் என்று நேரில் பார்க்க வேண்டும். வாடகை வாங்காதீர்கள். மாவட்ட நிர்வாகத்துக்கும் நூலகத் துறைக்கும் இந்தக் கோரிக்கையை வைக்கிறேன். அடுத்த திருவிழாவுக்கு ஸ்டால் ஒதுக்கும்போது இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.